பூண் போட்ட ருத்ராட்சம்

ஆணியில் ஒரு ருத்ராட்ச மாலை தொங்கியது. ஆனால் அது கோமதிசங்கருடையது இல்லை.

கை கழுவிய ஈரத்தோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மட்டன் சுக்கா தின்று முடித்திருந்தார். அவருடைய மாலையில் மணிக்கு மணி வெள்ளிப் பூண் இருக்கும்; மூன்றாவது பூண் மட்டும் நசுங்கியிருக்கும். இது வெறும் சிவப்பு நூலில் கோத்தது.

"பாய், என் மால எங்க?"

கல்லாவிலிருந்து மன்சூர் அலி எட்டிப் பார்த்தார். புளியங்குடி ரோட்டில் இருந்த அவருடைய பிரியாணிக் கடைக்கு இரண்டு பெருமைகள். ஒன்று சால்னா. இன்னொன்று, திரை போட்ட தனி அறைகள். யார் வந்தார், என்ன தின்றார் என்பது பக்கத்து அறைக்குத் தெரியாது. கழுத்தில் ருத்ராட்சத்தோடு கறி தின்னக் கூடாது என்று கழற்றுகிறவர்கள், அதைச் சட்டைப் பையில் செருகி, குனிந்து கை கழுவும்போது தொட்டிக்குள் நழுவவிட்டுப் பதறுவதைப் பார்த்து, மன்சூர் அலியே தொட்டிப் பக்கத்துச் சுவரில் உயரமாக ஆணி அடித்து வைத்திருந்தார்.

"இன்னொரு அண்ணாச்சி போன் பேசிக்கிட்டே மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாவ போல."

"யாரு?"

"அத மட்டும் கேக்காதிய. உங்க பேர நான் யார்ட்டயாவது சொல்லிருக்கேனா? அவுக பேரும் அப்படித்தான்."

மறுத்துப் பேச முடியாத நியாயம்.

"சாயங்காலம் மீட்டிங் இருக்கு பாய். வெறுங்கழுத்தோட போனா என் கத முடிஞ்சுது."

"அப்ப இதப் போட்டுக்கிட்டுப் போங்க. எல்லாம் உங்க சாமி குடுத்த கொட்டைதான."

கோமதிசங்கர் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை அடியார் அன்னதான சபைக்குத் தலைவர் தேர்தல். கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்துக்குச் சோறு போடுகிற சபை அது. தலைவர் என்றால் சுத்த சைவமாக இருக்க வேண்டும், கழுத்தில் ருத்ராட்சம் இருக்க வேண்டும். கறி வாசம் அடிக்கிற ஆள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், நாற்காலி போய்விடும். நூல் வியாபாரியான கோமதிசங்கர், வருஷக்கணக்கில் திருவிழா நோட்டீஸில் 'மற்றும் பலர்' என்ற வரிக்குள்ளேயே குடியிருந்தவர். அந்த நோட்டீஸின் உச்சியில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ரத வீதியில் சபையின் மாடி நிறைந்திருந்தது. எதிர் வேட்பாளர், விசைத்தறி முதலாளி செல்லச்சாமி, மைக்கைப் பிடித்திருந்தார்.

"உசுரக் கொன்னு தின்ன வாயால சிவசிவான்னு சொல்லலாமா? அந்த வாய் வெளங்குமா? கேக்கேன்!"

ஆவேசத்தில் கையை உயர்த்தினார். தோளில் கிடந்த துண்டு நழுவியது.

வெள்ளி மின்னியது.

அது கோமதிசங்கரின் மாலை. நசுங்கிய மூன்றாவது பூண்கூட அப்படியே இருந்தது. அதே நொடியில் செல்லச்சாமியின் பார்வையும் எதிர்வரிசைக் கழுத்தில் கிடந்த சிவப்பு நூலில் வந்து முட்டியது.

"சைவமே... ஆமா, சைவமே தெய்வம்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால், மாலை எங்கே மாறியது என்ற கேள்வி வரும்.

சபையின் செயலாளர் சண்முகசுந்தரி எழுந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கேக்கில் முட்டை இருந்தால் டப்பாவைத் திறக்காமலே சொல்லிவிடுவார்.

"கோமதிசங்கர் அண்ணாச்சி, உங்க மாலையில பூண் இருக்குமே. எங்க?"

அறை முழுக்க அவர் கழுத்தைப் பார்த்தது. கோமதிசங்கர் சிவப்பு நூலைத் தொட்டுக் காட்டினார்.

"சிவனே சாம்பலப் பூசிக்கிட்டு இருக்காரு. நமக்கு எதுக்கு வெள்ளின்னு எளிமையா மாத்திக்கிட்டேன், டீச்சர்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பிறகு எல்லாத் தலைகளும் செல்லச்சாமியின் வெள்ளிப் பூண் பக்கம் திரும்பின. "நேத்து வரைக்கும் இவரு நூல்லதான போட்டிருந்தாரு? தேர்தல்னதும் பவுசப் பாரேன்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். கை தூக்கச் சொன்னபோது முக்கால்வாசிக் கைகள் கோமதிசங்கருக்கு. துணைத் தலைவர் பதவி செல்லச்சாமிக்கு.

சால்வை போர்த்தி முடித்ததும் செல்லச்சாமி மெதுவாக எழுந்தார்.

"தலைவர் அண்ணாச்சி பக்தியப் பாத்து ஒரு தீர்மானம் கொண்டு வாரேன். தலைவரா இருக்கறவரு பதவி முடியற வரைக்கும் ருத்ராட்சத்தக் கழற்றவே கூடாது."

கோமதிசங்கர் அவசரமாகக் குறுக்கிட்டார். "தூங்கும்போது கழற்றணும்னு பெரியவங்க சொல்லுவாங்களே."

"தூங்கும்போதுதான காவல் வேணும்?"

"சாவு வீட்டுக்குப் போகும்போது?"

"நீங்க எதுக்குப் போவணும்? சபை சார்பா நான் போயிட்டு வாரேன். அதுக்குத்தான துணைத் தலைவரு."

சண்முகசுந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதோடு விடவில்லை. டீச்சரே முன்னால் வந்து, நூலை இழுத்து, தலை வழியாக வராத அளவுக்குச் சுருக்கி, பிடரியில் மூன்று முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைக் கத்தரித்தார்.

"இனி நீங்களே நெனச்சாலும் கழற்ற முடியாது அண்ணாச்சி."

மாடிப்படிக்குக் கீழே செல்லச்சாமி பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார். கோமதிசங்கர் ஓடிவந்து ஹேண்டில் பாரைப் பிடித்தார்.

"என் மாலையக் குடும்வே."

"தாரேன். மொதல்ல என் மாலையக் கழற்றிக் குடும்."

"வெளையாடாதியும். எதுக்குவே இப்படிப் பண்ணீரு?"

"சபை நடுவுல என்னப் பவுசுக்காரனா ஆக்குனீருல்லா? எளிமையாம், எளிமை. ஆட்டுக்கறி தின்ன கையி காயல, அதுக்குள்ள சாம்பலாம்."

"நீரு மட்டும் என்ன தின்னீரு, வெண்டைக்காயா?"

"நல்லி எலும்பு" என்றார் செல்லச்சாமி, நிதானமாக. "இன்னைக்கு நல்லா வெந்திருந்துச்சு."

கோமதிசங்கர் பிடியைத் தளர்த்தினார். குரல் இறங்கியது.

"எத்தன வருஷம்வே இந்தப் பதவி?"

"மூணு. ராஜினாமா பண்ணலாம். ஆனா டீச்சர் இப்பவே நோட்டீஸ அச்சுக்கு அனுப்பிட்டாவ. உம்ம பேருதான் உச்சியில, கொட்ட எழுத்துல. வேணாம்னா இப்பவே சொல்லும், எடுக்கச் சொல்லுதேன்."

கோமதிசங்கர் ஹேண்டில் பாரிலிருந்து கையை எடுத்தார்.

செல்லச்சாமி பைக்கை உதைத்துக் கிளப்பினார். அவர் வீடு கிழக்கே இருந்தது. பைக் புளியங்குடி ரோட்டுப் பக்கம் திரும்பியது.

"தலைவரே!" மாடியிலிருந்து சண்முகசுந்தரி கூப்பிட்டார். "பந்தி போட்டாச்சு. நீங்க கை வச்சாத்தான் மத்தவங்க சாப்பிடுவாங்க."

கோமதிசங்கர் படியேறினார். முதல் இலையில் பூசணிக்காய்க் கூட்டு விழுந்துகொண்டிருந்தது.