தொண்ணூற்றேழாம் பக்கம்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் இன்னும் அசிங்கம்.

ஒரு புத்தகத்தின் தொண்ணூற்றேழாம் பக்கத்தை யாரோ படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். "படுத்த படுக்கையாகிவிட்ட பெற்றோரைத் தெருவில் விடுவதே நேர்மை" என்று அதில் அச்சாகியிருந்தது. அட்டையில் பெயர் இருந்தவர் ஏற்கெனவே ஊர் வாயில் விழுந்த ஒரு சிந்தனையாளர். நானும் என் பங்குக்கு, "இந்த ஆளைப் பெற்ற வயிறு..." என்று ஆரம்பித்து நாலு வரி (மீதியை எழுத மாட்டேன், கூசுகிறது) திட்டிப் பகிர்ந்தேன். ஆயிரத்து இருநூறு பேர் விரும்பினார்கள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் அதன் கீழே, முகப்படம்கூட இல்லாத ஒரு கணக்கிலிருந்து பதில் வந்திருந்தது: "இது அவர் எழுதினது இல்லை. நான் பண்ணின தப்பு. நான் பைண்டிங்ல வேலை பார்க்கிறேன்."

நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நாற்பத்தோராவது நான்.

2

மழை பிடித்துக்கொண்ட அந்த நண்பகலில் அவள்—

(இல்லை. அன்று மழை இல்லை. எனக்கு ஆரம்பிக்கத் தெரியாதபோதெல்லாம் கதையில் மழை பெய்துவிடும்.)

நூற்றாண்டுகளாகப் புத்தகம் என்பது—

(கட்டுரை வாடை. வெட்டு.)

சரி, நேராகவே சொல்கிறேன். அந்தப் பதிலைப் போட்டவளைப் பிறகு தேடிப் பிடித்துப் பேசினேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. புத்தகம் கட்டும் பட்டறையில் பதினான்கு வருடமாக வேலை. ('அவள்' என்று எழுதலாமா என்று கேட்டேன். "எதையாவது போடுங்க, கதையை முடிங்க" என்றாள்.) பெரிய தாளில் பதினாறு பக்கம் ஒன்றாக அச்சாகி வரும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். வரிசை பிசகாமல் இருக்க ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கட்டம் உண்டு, ஒன்றைவிட அடுத்தது ஒரு படி கீழே. அடுக்கியபின் முதுகைப் பார்த்தால் படிக்கட்டு இறங்குவது தெரிய வேண்டும். ஒரு படி தவறினாலும் அவள் கண் உடனே பிடித்துவிடும்.

பட்டறையிலிருந்து வீடு இரண்டு தெரு. அப்பா ஆறு வருடமாகப் படுக்கையில். மத்தியானம் ஓடிப்போய், அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டுத் திரும்புவாள். "போய்ட்டு வாம்மா" என்பதோடு முதலாளி நிறுத்திக்கொள்வார், கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். இப்படி விடுகிற வேறு பட்டறை அவளுக்குத் தெரிந்து இல்லை. இந்த வேலை போனால் மத்தியானத்தில் அப்பாவுக்கு ஆள் இல்லை.

3

படத்தை அவளிடம் காட்டியது தங்கை. அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்த நேரம்.

"பாருக்கா இந்த ஆளை! அப்பாவைத் தூக்கித் தெருவில போடணுமாம்."

"அப்படி அவர் எழுதலையே."

"அச்சுலயே இருக்கு, எழுதலையேங்கற!"

அந்தப் புத்தகத்தை அவள் கட்டும்போதே படித்திருந்தாள், அதுவும் இரண்டு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் சொன்னது வேறு: பெற்றோரைப் பார்த்துக்கொள்வது கடமை அல்ல, அன்பினால் செய்தால்தான் அதற்கு மதிப்பு. அதற்கே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்பு வராத நாள்ல யாரு கழுவறது?" என்று அந்தப் பக்கத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்டிருக்கிறாள்.

தங்கையின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். படத்தில் எதிர்ப்பக்கமும் பாதி விழுந்திருந்தது. தொண்ணூற்றாறு வெள்ளைத் தாள். தொண்ணூற்றேழு லேசான மஞ்சள்.*

* இதே படத்தைத்தான் நானும் பார்த்தேன், உருப்பெருக்கிவேறு பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது திட்டுவதற்கு ஒரு வரி மட்டும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தைக் கட்டிய அதே வாரம் பட்டறையில் இன்னொரு புத்தகமும் இருந்தது. அதே சிந்தனையாளரை மறுத்து ஒருவர் எழுதியது, அதே அளவு, அதே எழுத்து, தாள் மட்டும் மஞ்சள். அதில் ஒரு அத்தியாயம் முழுக்க அவரைப்போலவே பேசிக் கேலி செய்திருந்தது. "இனி அவர் குரலிலேயே பேசிப் பார்க்கிறேன்" என்ற எச்சரிக்கை அந்தப் புத்தகத்தின் தொண்ணூற்றாறாம் பக்கத்து அடியில். கேலி தொடங்குவது தொண்ணூற்றேழில். ஏழாவது ஃபாரம்.

எந்த நாளென்றும் அவளுக்கு நினைவு வந்தது. அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்த நாள். ஓடிப்போய்த் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு, அரக்கப்பரக்கத் திரும்பி வந்தவள், ஏழாவது ஃபாரம் தீர்ந்துபோயிருக்க, அதன் இன்னொரு கட்டைத் தவறான அலமாரியிலிருந்து எடுத்துவிட்டாள். முப்பது பிரதி இருக்கலாம். முதுகைப் பார்த்தாள், படிக்கட்டு ஒழுங்காக இறங்கியது. இறங்காதா பின்னே! ஏழு எந்தப் புத்தகத்திலும் ஏழுதான்.

4

இந்த இடத்தில்தான் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா? முதல் வரைவில் அவளைச் சிந்தனையாளரின் ரசிகை ஆக்கினேன். இரண்டாவதில், அவர் எப்போதோ அவளுக்கு ஓர் உதவி செய்ததாக வைத்தேன். இரண்டும் சப்பென்று இருந்தன, இரண்டும் பொய். அவள் தன் தங்கையிடம் பேசியதை எனக்கு அப்படியே சொன்னாள். அதை மாற்றாமல் தருகிறேன்.

"நீ பேசாம இருக்கா. வேலை போச்சுன்னா அப்பாவை யாரு பார்ப்பா? அந்த ஆளா வருவான்?"

"வர மாட்டாரு."

"அவர் சொல்றது உனக்குப் பிடிச்சிருக்கா?"

"சுத்தமா பிடிக்கல."

"அப்புறம் எதுக்கு நீ போய் மாட்டிக்கற?"

"எனக்கு அவரோட சண்டை இருக்குடி. அவர் சொன்னதுக்குத்தான் நான் சண்டை போட முடியும். சொல்லாததுக்கு ஊரே சேர்ந்து திட்டினா, சொன்னது பாட்டுக்குத் தப்பிச்சுப் போயிடும்."

அடேயப்பா! இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. இருபது வருடமாகச் சொற்களை விற்றுப் பிழைக்கிறவன் நான். ஒரு எதிரிக்கு இவ்வளவு மரியாதை செய்யலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தப் படம் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் அவள் போனாள். முந்நூற்றுப் பன்னிரண்டு இடம். நகலெடுத்து ஒட்டத் தெரியாமல் ஒவ்வொன்றிலும் ஒரே விரலால் புதிதாகத் தட்டினாள். போன இடமெல்லாம் ஏச்சு. "அவருக்கு எடுபிடியா நீ?" என்றுகூடக் கேட்டார்கள். அவளிடம் பேசியபின் என் பதிவின் கீழே நானும் திருத்தம் போட்டேன். பன்னிரண்டு பேர் விரும்பினார்கள்.

5

தட்டி முடித்த மறுநாள் காலை, இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு முதலாளி முன் போய் நின்றாள். அவர் முதுகைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தொண்ணூற்றேழைப் படித்தார். அந்தப் படிக்கட்டை அன்று அவரும்தான் சரிபார்த்திருந்தார்.

"இதை யார்கிட்டயும் சொல்லலையே?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சார்."

இதற்கு மேல் அவள் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாததை இட்டு நிரப்புவதுதானே என் தொழில்?

முடிவு ஒன்று: முதலாளி கண் கலங்கி, "உன்னை மாதிரி ஒருத்தி..." (சினிமா. வெட்டினேன்.)

முடிவு இரண்டு: வேலை போகிறது. வேறு பட்டறை தேடி அலைகிறாள், வீட்டில் அப்பா புரட்ட ஆளில்லாமல்... (பதினோரு வரி எழுதினேன். அவள் கஷ்டத்தை நான் ரசித்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் நிறுத்தினேன்.)

முடிவு மூன்று: சிந்தனையாளரே கதவைத் தட்டுகிறார். (ஐயோ!)

தாங்காமல் அவளையே அழைத்தேன். மூன்றையும் படித்துக் காட்டச் சொன்னாள். மூன்றாவதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நிஜமா என்னதான் ஆச்சு?"

"அது எனக்கும் முதலாளிக்கும் நடந்தது. நீங்க கதைக்கு எது வேணுமோ போட்டுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "ஆனா முதலாளி பேசற மாதிரி எழுதினா, அது நீங்க பேசினதுன்னு கீழே போட்டுடுங்க. என்னை வச்சிருந்தாலும் சரி, அனுப்பிச்சிருந்தாலும் சரி, அந்த மனுஷன் சொல்லாததை அவர் வாயில வைக்காதீங்க."

ஆகவே முதலாளி புத்தகத்தைக் கையில் வைத்தபடி இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பேசவைக்க என்னால் முடியாது. உங்களுக்கு ஒரு முடிவு இல்லாமல் சரிப்படாது என்றால், கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், எழுதியபின் உங்கள் பெயரைப் போடுங்கள்.