பதினோரு சுற்று

1.
இந்தக் கதை எனக்கு வந்தது ஒரு ஏ.சி. மெக்கானிக்கால். காளவாசலில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒயரை விட்டு முறுக்குப் பிழிவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தார். எதற்கண்ணே இது என்றேன். கரண்ட் கம்மியாக இருந்தால் மீட்டர் மதிக்காது, சுற்றிச் சுற்றித்தான் காட்ட வேண்டும் என்றார். ஏ.சி. இன்னும் சரியாகவில்லை. கதை மட்டும் ஓடத் தொடங்கிவிட்டது.

2.
வைகையில் வெள்ளம் புரண்ட அந்த ஐப்பசி மாதத்தில்—

(வேண்டாம். மதுரைக் கதை என்றால் வைகை வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆச்சா? அடை மழை என்பது போதும்.)

ரோகிணியின் செவலைக் கோழி அடையில் இருக்கும்போதே தெருநாய் கவ்விப் போய்விட்டது. முட்டைகள் அநாதையாகக் கிடந்தன. அழுது முடித்துவிட்டு ரோகிணி குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை வாங்கி, உள்ளே பல்பு எரியவிட்டு, அத்தனையையும் அதில் வைத்தாள். செவலை விட்டுப்போனது அவ்வளவுதான். இனி அந்த வம்சத்தில் முட்டை கிடையாது.

3.
அவள் கணவன் அழகுபாண்டியை முதலில் வாத்தியாராகத்தான் எழுதினேன். வாத்தியார் வீட்டில் கிளாம்ப் மீட்டர் ஏது? ஏ.சி. மெக்கானிக் ஆக்கிவிட்டேன். அவருக்கும் அதில் சந்தோஷம்தான்.

குஞ்சு வெளிவர வேண்டிய நாளில் விடிந்ததும் செய்தி வந்தது: மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் பேட்டரி பழசு. சாயங்காலம் வரை பெட்டியைத் தாங்குமா?

(கொஞ்ச நேரம் சூடு இல்லாவிட்டால் முட்டைக்கு என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஒன்றும் ஆகாமலும் போகலாம். அதை ரோகிணியிடம் நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்கள்.)

4.
பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். அழகுபாண்டி அவசரத்தில் மொத்த ஒயரையும் மீட்டரின் கொடுக்கில் கவ்வவிட்டார். பூஜ்ஜியம் காட்டியது.

"அப்ப பெட்டி காத்துலயா எரியுது, மாமா?" என்றாள் ரோகிணி.

போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒற்றைக் கம்பியைத்தான் கவ்வ வேண்டும். தெரிந்த மனிதர்தான். பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் தெரிந்ததும் மறந்துவிடுகிறது. ஒயரைப் பிரித்து ஒற்றைக் கம்பியில் வைத்தார். பெரிய கரண்டுக்குப் பழகிய மீட்டர், புள்ளி ஒன்று, புள்ளி மூன்று என்று நிலையில்லாமல் ஆடியது. சரி, சுற்றிவிடுவோம் என்று கம்பியைக் கொடுக்குக்குள் திரும்பத் திரும்ப விட்டுச் சுற்றினார். பத்துச் சுற்றுக்குப் பத்து மடங்கு காட்டும். வந்ததைப் பத்தால் வகுத்தால் சரியான அளவு. இரண்டே கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே, 2.2 என்று அசையாமல் நின்றது. வகுத்தார். 0.22. பேட்டரி நாலரை மணிக்குப் படுத்துவிடும்.

5.
பழங்காநத்தத்தில் அழகுபாண்டியின் அக்கா முத்துமீனா வீட்டில் இன்று கரண்ட் போகாது. அழகுபாண்டி ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார். பெட்டியைத் தூக்கப் போன ரோகிணிக்கு உள்ளேயிருந்து 'கீச்' என்று கேட்டது. ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது.

ரோகிணி பெட்டியைத் தூக்காமல் அப்படியே விட்டாள். இந்த நேரத்தில் ஆட்டோவில் போட்டு அந்தப் பள்ளத்திலெல்லாம் குலுக்குவதா? என்ன செய்வதென்று தெரியாமல், மீட்டரில் இன்னும் கிடந்த கம்பியை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு மறுபடியும் எண்ணினாள்.

"மாமா, எத்தனை சுத்து சுத்துனீங்க?"

"பத்து."

"இதுல பதினொன்னு இருக்கு."

அழகுபாண்டி தலையைச் சொறிந்தார்.

"பத்துல நிப்பாட்ட மனசு வரல, புள்ள. மொய்கூட நூத்தியொன்னுதான எழுதுறோம். கை தானா ஒன்னு சேத்துப் போட்டுருச்சு."

சேர்த்துப் போட்ட மனிதர் வகுக்கும்போது அதை மறந்துவிட்டார். பதினொன்றால் வகுத்தால் 0.2. பேட்டரி ஐந்தேகால் வரை நிற்கும். ஆட்டோவை வேண்டாமென்று சொன்னார்கள். சிரித்துச் சிரித்து ரோகிணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

6.
ஒன்பதுக்கு மின்சாரம் போனது. இனி முடிவு. நாலரைக்கே கரண்ட் வந்துவிட்டது என்று எழுதலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஐந்தரை ஆகியும் வரவில்லை, அப்போது— (இதை எழுத எனக்கு மனசில்லை.)

ஆகவே மணி நாலே முக்கால். மழை விடவில்லை. ரோகிணி சேலை முந்தானையைப் பெட்டிமேல் போர்த்தி, அடைக்கோழி மாதிரியே குந்தியிருக்கிறாள். பல்பு எரிகிறது. இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கிவிட்டது. பெட்டிக்குள்ளும் கீச்சென்கிறது, இப்போது இரண்டு மூன்று குரலாக. அழகுபாண்டி கடிகாரத்தைப் பார்க்கிறார், அவள் பார்க்கவில்லை.

எனக்கும் ஆறில் நிப்பாட்ட மனசு வரவில்லை. ஒற்றைப்படையில் முடியட்டும். அடுத்த சுற்றை நீங்கள் சுற்றுங்கள். வகுக்கும்போது மட்டும் மறக்காமல் உங்களையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

7.