கை முகத்துக்கு வரும் முன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் அனுப்பாத ஒரு பதிலில் இருந்து வந்தது. வீடியோக்காரர்கள் கூடும் இணையக் குழுவில் ஒருவர், ‘டிவிடி பிளேயருக்கு பிட்ரேட் எவ்வளவு வைக்கலாம்?’ என்று கேட்டிருந்தார். ‘யார் பார்க்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது’ என்று தட்டிவிட்டு அழித்தேன். அந்த ‘யார்’ மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பிட்ரேட் என்பது ஒரு நொடிப் படத்துக்கு நாம் ஒதுக்கும் இடம். கூட்டினால் தெளிவு. குறைத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். டிஸ்க்கில் இடம் அளவுதான். (இந்தக் கதையிலும்.)

2

‘சூலூரில் தறிச்சத்தம் ஓய்ந்த ஒரு மாலையில்...’

வேண்டாம். தறிக்கு இடம் கொடுக்க முடியாது.

கோட்டைமேட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜபருல்லாவிடம் சூலூர் செங்கோட்டையன் ஒரு பழைய கேசட்டோடு வந்தார். மகள் அக்ஷயாவின் கல்யாணம். அன்று எடுத்தவரும் ஜபருல்லாதான்.

“நாலு மணி நேரமும் ஒரே டிஸ்க்குல வேணுமுங்க பாய். ரெண்டாக் குடுத்தா ஒண்ணை எம்பேரன் தட்டா வெச்சு வெளையாடிப்போடுவான்.”

“பந்தியக் கொஞ்சம் வெட்டிக்கலாமுங்களாண்ணா?”

“ஐயோ, அதுல கைய வெச்சுப்போடாதீங்க! எம் மச்சானுக ஒவ்வொருத்தனும் ‘நா எங்கடா’ன்னு வந்து நிப்பானுக.” பிறகு குரல் இறங்கியது. “எனக்கு வேணுங்கறது எம் ஊட்டுக்காரி சின்னாத்தா ஒருத்திதானுங்க. அவ போயிச் சேந்து ஆறு மாசமாச்சு. போட்டோன்னாலே ஓடிப்போயிருவா. இதுல ஒருக்கா வாரா. மொகம் தெளிவா வேணுமுங்க.”

3

படத்தைச் சுருக்கும் மென்பொருள் அசைவுக்குத்தான் அள்ளிக் கொடுக்கும். மாப்பிள்ளை ஊர்வலம் எல்லாவற்றையும் தின்றது. மணவறைக்குப் பின்னால், இருட்டில், அசையாமல் நின்ற சின்னாத்தாளுக்கு மிச்சம்தான். கன்னம் கட்டங்களாகச் சிதறியது.

ஜபருல்லா யாரையும் வெட்டவில்லை. பந்திக் காட்சியின் பிட்ரேட்டைக் குறைத்தார். இலையில் சாம்பார் எது, ரசம் எது என்று தெரியாமல் போனது. மிஞ்சியதையெல்லாம் அந்த ஒரு காட்சிக்கு ஊற்றினார். தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. பார்க்கப்போவது கம்ப்யூட்டர் இல்லை, சூலூரில் இருக்கும் பழைய பிளேயர் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

(இங்கே ஜபருல்லாவின் மனைவி ரம்ஷா டீயோடு வரும் ஒரு பத்தி இருந்தது. அந்த இடத்தைச் சின்னாத்தாளுக்குக் கொடுத்தேன்.)

4

சூலூர் வீட்டில் டிஸ்க் ஓடியது. ஊர்வலம். சீர். பிறகு சின்னாத்தாள் முகம், தெளிவாக.

(இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.)

அங்கேயே உறைந்தது. சத்தமும் நின்றது. பிளேயர் கரகரத்தது.

“என்னங்க பாய், நின்னுபோச்சு?”

“தப்பு எம்பேர்லதாங்ணா. இந்தப் பொட்டி தாங்காத அளவுக்கு வெச்சுப்போட்டேன்.”

அடுத்த வாரம் பிட்ரேட்டைக் குறைத்து இன்னொரு டிஸ்க் கொண்டுவந்தார். அது தடையில்லாமல் ஓடியது. கட்டம் கட்டமாகக் கலங்கிப்போன முகத்தோடு சின்னாத்தாள் கேமராவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க பாய், என்னெய எதுக்குங்க? அம்மணியப் புடிங்க!”

கை முகத்துக்கு வந்து மறைத்தது. கேமரா மணப்பெண் பக்கம் திரும்பியது.

செங்கோட்டையன் அதையே மூன்று முறை ஓட்டச் சொன்னார்.

“இதுல பேசறா. மொகம் இல்லீங்க. அதுல மொகம் இருக்குது, பேச மாட்டேங்கறா.”

“ரெண்டையும் வெச்சுக்குங்ணா.”

“உள்ள ஒண்ணுதானுங்களே போகும்.”

5

நடுவில் ஓர் அளவு வைத்தால் இரண்டும் கிடைக்குமே என்று குழுவில் கேட்பீர்கள். ஜபருல்லா அதையும் பார்த்துவிட்டார். அந்த பிளேயர் தாங்கும் எந்த அளவிலும் அந்த இருட்டு முகம் தேறவில்லை.

முதல் டிஸ்க் உள்ளே போவதாக ஒரு முடிவு எழுதினேன். செங்கோட்டையன் தினமும் காலையில் அதைப் போட்டு, உறையும் இடம் வரை... அடித்துவிட்டேன். இரண்டாவது உள்ளே போவதாக எழுதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு... அதையும் அடித்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் மனைவியோடு இருக்கிறவன்.

மேலே விட்டிருந்த இரண்டு வரி சின்னாத்தாள் முகத்தை வர்ணிக்க. எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் ‘என்னெய எதுக்குங்க’ என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. எடுத்துவிட்டேன்.

பிளேயரின் தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் செங்கோட்டையன் மடியில் இருக்கின்றன. ஜபருல்லா செருப்பை மாட்டிக்கொண்டு, “வாரேனுங்ணா” என்று கிளம்பிவிட்டார். நானும் கிளம்புகிறேன். நீங்கள் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எதை வைக்கலாம் என்று உங்களைத்தான் கேட்பார்.