வேல்சாமி கிணற்றுத் தண்ணீர்

தனுஷ்கோடி வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனியில் வெல்டராக இருந்துவிட்டு, எண்பத்தெட்டில் வ. புதுப்பட்டிக்குத் திரும்பினான். கையில் ஒரு டேப் ரெக்கார்டரும் வாய் நிறையப் பேச்சும் கொண்டுவந்தான். டேப் ரெக்கார்டர் சீக்கிரம் கெட்டுப்போனது.

"எண்ணெய் வத்திப்போச்சுன்னு ஒரு குழியையும் அங்க சும்மா விடமாட்டான். கேஸை அமுக்கி உள்ள விடுவான். அது பாறைக்குள்ள பூந்து, ஒட்டிக் கெடக்க எண்ணெயை எளக்கி அடுத்த குழி வழியா வெளிய தள்ளிரும். கேஸ் பூமிக்குள்ளயே கெடக்கும். யாருக்கும் ஒரு தொந்தரவு கெடையாது" என்பான் டீக்கடையில்.

அடுத்த கோடையில் அவனுடைய தென்னந்தோப்பு போர்வெல் காற்றைத்தான் கக்கியது. தென்னைகள் மட்டை மட்டையாகத் தொங்கின. ஊர் மழைக்கு வேண்டிக்கொண்டது. இவன் ராஜபாளையம் சோடாக் கம்பெனிக்குப் போனான். எண்ணெய்க் குழிக்குள் விட்ட கேஸும் சோடாவில் அடைக்கிற கேஸும் ஒன்றுதானாம். வேன் நிறைய சிலிண்டர் வந்து இறங்கியது. போர் குழாய்க்கு மூடி போட்டு வெல்டிங் வைத்து, பொழுது சாயும்வரை கேஸை உள்ளே ஏற்றினான். உள்ளே போன கேஸ் எந்தப் பக்கம் நடக்கும் என்று அந்த எண்ணெய்க் கம்பெனியில் யாராவது கவனித்தார்களா என்பதை இவன் ஒருநாளும் கேட்டதில்லை. அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் எவ்வளவு தைரியம்!

மறுநாள் காலையில் மூடியை அறுத்து மோட்டாரைப் போட்டதும் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. தனுஷ்கோடிக்குத் தலை கால் புரியவில்லை.

அவன் மனைவி குருவம்மாள் மட்டும் வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த வயலில் இருந்த வேல்சாமி கிணற்றுக்குப் போனாள். வேல்சாமியின் மனைவி அய்யம்மாள் களத்துமேட்டிலிருந்து கையசைத்தாள். குருவம்மாள் வாளியால் தண்ணீர் இறைத்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். நாக்கில் சுருக்கென்று ஏறியது. சோடா குடித்த மாதிரி. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால், சுவர்ப் பொந்துகளில் கூடு கட்டியிருந்த மைனாக்கள் தண்ணீரில் மிதந்தன. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கணவனிடம் சொன்னாள்.

முதலில் அவனுக்குப் பெருமை. "நம்ம கேஸ் அம்புட்டுத் தூரம் போயிருக்கா!" என்று சிரித்தான். பிறகு முகம் மாறியது. "ஏட்டி, வேல்சாமிகிட்ட மூச்சு விட்ராத. ரெண்டுக்கும் ஊத்து ஒண்ணுன்னு தெரிஞ்சா, ஒன் போர்ல வாரது என் தண்ணிம்பான். பஞ்சாயத்து வச்சுப் பாதி கேப்பான்."

"மைனா செத்துக் கெடக்குங்க."

"வெயிலுக்குச் சாவும். போ, சோலியப் பாரு."

அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பாழுங்கிணற்றில் இறங்குவதென்றால் அந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விட்டுப் பார்க்கும். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுக்காற்று இல்லை என்று யாரும் இறங்கமாட்டார்கள். ஆனால் வேல்சாமி கிணறு பாழுங்கிணறு இல்லையே. உள்மேடையில் இருக்கும் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற அவன் தினமும் இறங்குகிற கிணறு. புழக்கத்தில் இருக்கிற கிணற்றுக்கு எவன் விளக்குக் கட்டுவான்?

உலை கொதிப்பதற்குள் அய்யம்மாளின் அலறல் கேட்டது. குருவம்மாள் ஓடியபோது கிணற்றைச் சுற்றிக் கூட்டம். வேல்சாமி உள்ளே மோட்டார் பக்கத்தில் குப்புறக் கிடந்தான்.

"கரண்டு அடிச்சிருக்கு! பீஸப் புடுங்குங்கலே!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஆமா, கரண்டுதான்" என்றான் தனுஷ்கோடி.

பீஸைப் பிடுங்கிக் கரண்டை நிறுத்தியாயிற்று. குருவம்மாள் கூடப்பிறந்த தம்பி ஐயாதுரை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படியில் காலை வைத்தான். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறங்காதலே ஐயாதுரை!" பாய்ந்துபோய்த் தம்பியின் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தாள். "கரண்டு இல்ல. எங்க போர்ல விட்ட கேஸு உள்ள நிக்கி. எறங்குனா நீயும் செத்துருவ!"

ஐயாதுரை ஏறிவிட்டான். வேறு யாரும் இறங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து தூக்கியபோது வேல்சாமியிடம் உயிர் இல்லை.

தனுஷ்கோடியை ஆள் ஆளுக்கு அடிக்கப் பாய்ந்தார்கள். அய்யம்மாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு குருவம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

"காலையில தண்ணி எடுக்க வந்தியே மதினி, அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

குருவம்மாள் தம்பியின் கயிற்றை இன்னும் விடவில்லை.