உப்பளத்தில் இறங்கிய சைக்கிள்

மெட்டில்டாவுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே நாற்காலியை விட்டு எழுவாள், ஜன்னல் வரை போவாள், திரும்பி வந்து உட்காருவாள், மறுபடியும் எழுவாள். டீச்சருக்குப் பந்தய வெறி ஏறிவிட்டது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பந்தயமாவது மண்ணாவது! அடிவயிற்றில் நெருப்பை அள்ளிக் கட்டியதுபோல் எரிச்சல். அரைமணிக்கு ஒருதரம் ஒண்ணுக்கு முட்டும். போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு, அதுவும் கண்ணில் நீரை வரவழைக்கிற நாலு சொட்டு. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சுதந்திரம் வந்து முதல் வருஷம் நிறைகிறது, ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் என்று தூத்துக்குடி விளையாட்டுச் சங்கத்தார் அறிவித்திருந்தார்கள். துறைமுகத்தில் புறப்பட்டுத் தருவைகுளம் போய்த் திரும்ப வேண்டும். போகவர பதினாறு மைல். ஊர் வாய் சும்மா இருக்குமா? சேலை சக்கரத்தில் சிக்கும், அப்போது வேடிக்கை பார்க்கலாம் என்று டீக்கடைகளில் பேச்சு. அப்படியும் ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். மெட்டில்டாவுக்குப் போட்டி என்றால் மில் ரைட்டர் மகள் ஜெயசெல்வி ஒருத்திதான். ஜெயசெல்வி ஓட்டுவது சொந்த சைக்கிள். மெட்டில்டா ஓட்டுவது பால்துரை அண்ணாச்சி கடை வாடகை சைக்கிள்.

மெட்டில்டாவின் அம்மா சந்தியம்மாளுக்குச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது.

"பொம்பள ஏறி உக்காருத சீட்டா அது? கர்ப்பப்பை கலங்கிப்போவும். ஒரு எரிச்சல், ஒரு வலின்னு வந்து நில்லு, அன்னைக்குப் பேசுதேன் ஒங்கிட்ட" என்பாள். மகள் விடாமல் நச்சரித்ததில் கடைசியாக ஒரு வாக்குக் கொடுத்தாள். "பந்தயத்துல ஜெயிச்சா ஓட்டிக்கோ. தோத்தியோ, அன்னையோட சைக்கிளத் தொடப்பிடாது. மாதா மேல ஆணை!"

சைக்கிள் போனால் மெட்டில்டாவுக்கு என்ன மிச்சம்? வீடு, கோயில், பள்ளிக்கூடம். துணைக்கு ஆள் இல்லாமல் அவள் போகமுடிந்த ஒரே இடம் அந்தச் சீட்டின் மேல்தான். காற்றை எதிர்த்து மிதிக்கும்போதுதான் தான் யாருக்கும் மகள் இல்லை, டீச்சர் இல்லை, வெறும் மெட்டில்டா என்று அவளுக்குத் தோன்றும். அதை விட்டுக்கொடுப்பாளா? எரிச்சல் என்று வாயைத் திறந்தால் அம்மா கையில் தானே பிரம்பை எடுத்துக் கொடுத்தது மாதிரி. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

மிதித்ததோடு விட்டாளா? அவள் அப்பா பர்னபாஸ் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். கடலுக்குப் போகிற நாளில் விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கவிடமாட்டார். வயிறு காலியாக இருந்தால்தான் மூச்சு நிற்கும் என்பது குளிக்கிறவர்களின் கட்டு. அதைப் பார்த்து வளர்ந்தவள், மூச்சுக்கு ஆகிறது மிதிப்பதற்கும் ஆகும் என்று தானாகவே முடிவுகட்டிவிட்டாள். சைக்கிள் பழகப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவாள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. தருவைகுளம் சாலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், ஒரு ஆடு ஒளிவதற்குக்கூடப் புதர் கிடையாது. பொம்பளை எங்கே போய் உட்காருவாள்? குடிக்காவிட்டால் முட்டாது, முட்டினாலும் அடக்கிக்கொள்ளலாம். கெட்டிக்காரிதான்! அந்தக் கெட்டிக்காரத்தனம் ஜூலை முதல் வாரத்தில் அவளைப் பால்துரை அண்ணாச்சி கடைவாசலில் குளிர்காய்ச்சலோடு கீழே தள்ளியது.

அண்ணாச்சிதான் பதறிப்போய் ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

லேடி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் கேட்கிறவர். எத்தனை நாளாக எரிச்சல், எத்தனை தரம் போகிறாய், என்ன நிறம். மெட்டில்டா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டபோதுதான் கொஞ்சம் பெருமையாகத் தலையை நிமிர்த்தி, சங்கு குளிக்கிறவர்கள் கணக்கைச் சொன்னாள். குடிக்கவே மாட்டேன், வந்தாலும் அடக்கிவிடுவேன் என்றாள்.

செய்தி கேட்டு ஓடிவந்து திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் நின்ற பர்னபாஸுக்குப் பொறுக்கவில்லை.

"அட கிறுக்குக் கழுத! குளிக்கிறவன் அடக்குறான்னு ஒனக்கு எவன்ளா சொன்னான்? தண்ணிக்குள்ள எறங்குன ஒடனே தன்னால முட்டும், அங்கனயே விட்டுருவோம். அவ்வளவு பெரிய கடல் கெடக்கு, எங்களுக்கு என்ன!" என்றவர், உள்ளே இருப்பது டாக்டர் என்பது நினைவுக்கு வந்து, "மன்னிக்கணும் தாயி" என்று வராண்டாவின் கோடிக்குப் போய்விட்டார்.

டாக்டர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு கண்டிப்பாகச் சொன்னார். மூத்திரப்பையில் கிருமி. சீட்டின் அழுத்தமும் உரசலும் கொஞ்சம் காரணம். அதைவிடப் பெரிய காரணம் குடிக்காததும் அடக்கியதும். சல்ஃபா மாத்திரையும் சோடா உப்பும் தந்து, இந்த மாத்திரைக்குத் தண்ணீர் குடம் குடமாகப் போகவேண்டும் என்றார். மூன்று வாரம் சைக்கிள் கூடாது. அப்புறம் ஓட்டலாம்; சீட்டின் மூக்கை ஒரு விரற்கடை கீழே இறக்கு, வியர்த்த துணியோடு உட்கார்ந்திருக்காதே, முட்டினால் இறங்கு.

"எங்கன எறங்க டாக்டர்?" என்றாள் மெட்டில்டா.

"அது உன் பாடு. அடக்கினால் திரும்ப இங்கேதான் வருவாய்."

"நான் அப்பமே சொன்னேன்லா!" என்று சந்தியம்மாள் வீட்டில் ஒரு வாரம் ஆடித் தீர்த்தாள். சைக்கிளால் இல்லையாம், தண்ணீர் குடிக்காததால் என்று பர்னபாஸ் எடுத்துச் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. கொடுத்த வாக்கை மட்டும் அவள் மாற்றவில்லை. ஜெயித்தால் ஓட்டு, தோற்றால் தொடாதே.

பந்தயத்தன்று மெட்டில்டா விடிந்ததும் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள். பயந்து பயந்துதான் குடித்தாள்.

தருவைகுளம் திருப்பத்தில் அவளும் ஜெயசெல்வியும் மட்டும் முன்னால். மற்ற நாலு பேரும் கண்ணுக்கெட்டாத தூரம். சங்கத்து லாரி ஒன்று ஆண்களை ஏற்றிக்கொண்டு கூச்சலோடு பின்னால் வந்தது. திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. மெட்டில்டா முந்தினாள். இருபது கஜம், முப்பது கஜம். கால் இவ்வளவு லேசாக என்றுமே இருந்ததில்லை. அப்போதுதான் முட்டியது.

இன்னும் நாலு மைல். அடக்கினால் ஜெயித்துவிடலாம். அடக்கினால் மறுபடி அந்த நெருப்பு, அந்தக் குளிர். மிதித்தாள், சீட்டில் நெளிந்தாள், எழுந்து நின்று மிதித்தாள். மாதாவே, இப்போதா! முன்னால் வெள்ளை வெளேரென்று உப்பளம். சுதந்திர தினமென்று உப்புக்கு லீவா விடுவார்கள்? ஏழெட்டுப் பெண்கள் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள்.

மெட்டில்டா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள்.

"யக்கா, ஒண்ணுக்கு முட்டுது. லாரியில ஆம்பளைங்க வாராங்க!"

அவர்களில் மூத்தவள் செல்லத்தாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஏளா, வாங்க எல்லாரும்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பலகைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, முந்தானைகளை விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி வட்டமாக நின்றுவிட்டார்கள். லாரி வேகம் குறைத்தது. "என்னலே பாக்க? போங்கலே!" என்று செல்லத்தாய் போட்ட சத்தத்தில் லாரி பறந்தது.

எரியவில்லை. ஒரு துளிகூட எரியவில்லை. மெட்டில்டாவுக்கு அழுகை வந்தது.

"நாங்க பொழுது சாயுற வரைக்கும் அடக்கித்தான் வச்சிருப்போம். அதுக்காவவே தண்ணி குடிக்கிறதில்ல" என்றாள் செல்லத்தாய்.

"குடிங்க யக்கா. குடிச்சுட்டு இதே மாதிரி சுத்தி நின்னுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மெட்டில்டா சைக்கிளுக்கு ஓடினாள்.

ஜெயசெல்வி அதற்குள் புள்ளியாகிவிட்டாள். மெட்டில்டா உயிரைக் கொடுத்து மிதித்தாள். புள்ளி சேலையாயிற்று, சேலை முதுகாயிற்று. ஆனாலும் துறைமுகத்து வாசலில் கட்டியிருந்த கயிற்றை ஜெயசெல்விதான் முதலில் தொட்டாள். இரண்டு சைக்கிள் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெட்டில்டா இறங்கி, சைக்கிளைப் பால்துரை அண்ணாச்சியிடம் தள்ளிக்கொண்டு போனாள். "இனி வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். வாக்கு வாக்குதானே.

கூட்டத்தில் நின்ற சந்தியம்மாள் அவள் கையைப் பிடித்து ஒரு சரக்குக் கிட்டங்கிச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நடுவழியில எறங்குனியாமே. லாரிக்காரனுவ சொல்லுதானுவ."

"ஆமா. முட்டுச்சு, எறங்குனேன். தோத்துட்டேன். போதுமா?"

"எரிஞ்சுதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லம்மா!"

சந்தியம்மாள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"எனக்கு எரியுதுளா" என்றாள். "நீ பொறந்ததுல இருந்து. இருவத்திரெண்டு வருசமா. யார்ட்டயும் சொன்னதில்ல, ஒங்கப்பாட்டகூட. நான் எந்தச் சைக்கிள மிதிச்சேன்?"

மெட்டில்டா அம்மாவின் கன்னத்தை ஒருதரம் தொட்டாள். பிறகு விடுவிடுவென்று போய், அண்ணாச்சி கையிலிருந்த சைக்கிளைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏறும்மா பின்னால. அந்த டாக்டரம்மா இப்பம் இருப்பாவ."

"ஊரே பாக்குமே!"

"பாக்கட்டும்."

சந்தியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, மகளின் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள்.

"மெதுவா மிதிளா. வழியில எறங்கணும்னா சொல்லுதேன்."