பூதத்தின் வலது கால்

செந்தமிழன் உட்கார்ந்தால் சலூன்காரர் விநாயகம் நாற்காலியை அடிவரைக்கும் இறக்கியாக வேண்டும். ஆறேகால் அடி உயரம். செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார். முகத்தில் நுரை பூசி முடித்த நேரத்தில், பின்னால் பெஞ்சில் இருந்த உரக்கடை வெற்றிவேல் ‘கருங்கல் பூதம்’ பேச்சை எடுத்தான்.

பழைய ‘கருங்கல் பூதம்’ கறுப்பு வெள்ளைப் படம். பூதம் பாறைக்குப் பாறை தாவும், மாட்டு வண்டியைத் தூக்கிக் கடாசும். பொங்கலுக்குப் பொங்கல் டிவியில் போடுவார்கள். அதே பெயரில் புதிதாக எடுத்த படம் போன வெள்ளிக்கிழமை வந்தது. வந்த நாளிலிருந்து ஊரே கழுவி ஊற்றிக்கொண்டிருந்தது.

“பூதமாய்யா அது? மூட்டுவலிக்காரன் மாதிரி கால இழுத்துக்குனு வருது. ஒரு கோழியக்கூட ஓடிப் புடிக்க முடியல,” என்றான் வெற்றிவேல்.

செந்தமிழனால் பொறுக்க முடியவில்லை. “மொதல் சீன்லயே வலது கால்ல இரும்புப் பொறி மாட்டுது இல்ல? எலும்பு வரைக்கும் அறுத்துடுது. அப்புறம் எப்பிடி ஓடும்?”

“பூதத்துக்கு இன்னா கால் வலி? பழைய படத்துல தாவிச்சே!”

“பழைய படத்துல அதுக்கு யாரும் பொறி வெக்கல.”

விநாயகம்கூடச் சிரித்துவிட்டார். “இன்னா வாத்தியாரே, படம் எடுத்தவன் உனக்கு மச்சானா?” என்றான் வெற்றிவேல்.

செந்தமிழன் விநாயகத்தின் கத்திக்குக் கன்னத்தைக் காட்டினான். மச்சான் இல்லை. அந்தப் பூதமே அவன்தான்.

போன வருஷம் கோடை விடுமுறையில் சினிமா கம்பெனி செஞ்சிப் பக்கம் பாறைகளில் படம் பிடிக்க வந்தது. பூத வேஷம் போட வந்த சென்னைக்காரருக்கு இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. உயரமான ஆள் தேடி அலைந்தவர்கள் செந்தமிழனைக் கூட்டிப்போனார்கள். படம் வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மனைவி ரஞ்சனிக்கு மட்டும்தான் தெரியும். அவள் மஸ்கட்டில் நர்ஸ். போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

பதினெட்டு நாள். கொதிக்கிற பாறையில் ரப்பர் தோலுக்குள் வெந்தான். பூதத்தின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். ஓடச் சொன்ன அன்றைக்கு அவன்தான் கேட்டான்: “சார், கால்ல பொறி மாட்டியிருக்குதே, எப்பிடி சார் ஓடும்?” டைரக்டர் கையிலிருந்த காட்சித் தாளை மறுபடி புரட்டிப் பார்த்தார். பிறகு, “சரி, ஓடாதே. விந்தி விந்தி வா,” என்றார்.

படம் வந்ததும் ஊருக்கே சொல்லலாம் என்றிருந்தான். இப்போது எப்படிச் சொல்வது? ஊர் காறித் துப்புவதே அந்த நடையைத்தான். அது அவன் சொல்லிக் கொடுத்த நடை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியக் காட்சிக்குப் போனான். மறுநாள் வேறு படம் மாற்றுகிறார்கள். முதல் நாள் பார்த்தபோது கூட்டம் போட்ட கூச்சலில் பாதியில் எழுந்து வந்திருந்தான். இன்றைக்குக் கடைசி வரைக்கும் இருந்து தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும்.

தியேட்டரில் மொத்தம் ஒன்பது பேர். அவனுக்கு முன்வரிசையில் இரண்டு பெண்கள். திரையில் பூதம் காலைத் தாங்கித் தாங்கிச் சுனைக்கு வந்தது. குனிய முடியாமல் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். முன்னால் இருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: “பாவம் அண்ணி, கால ஊனவே முடியல பாரு அதால.”

செந்தமிழன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் படம் பார்க்கவில்லை. அவள் தலை எப்போது அசைகிறது, எப்போது ‘ச்சு’ கொட்டுகிறாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் அவள் டீ வாங்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போனான். “அந்தக் காலு… நீங்க சொன்னீங்களே… நெஜமாவே வலிச்சிதுங்க,” என்றான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள், ஆறேகால் அடி, கண் வேறு கலங்கியிருக்கிறது. டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு, “வா அண்ணி, உள்ள போலாம்,” என்று நகர்ந்தாள். அவன் திரும்பி உள்ளே போனபோது இரண்டு பேரும் வேறு மூலைக்கு மாறியிருந்தார்கள்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். நடிகர்கள் பெயரே முடியவில்லை, திரை வெளுத்துவிட்டது. மாடியேறி ஆபரேட்டரிடம் கேட்டான்.

“பேரு போறத யாருண்ணா பாக்கறாங்க? அடுத்த ஷோவுக்கு டைம் ஆயிடுச்சி.”

“கடைசியில ஒரே ஒரு நிமிஷம்பா.”

“எதுக்குண்ணா?”

அதற்குப் பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். “ஒண்ணுமில்ல,” என்று இறங்கி வந்துவிட்டான்.

சாயங்காலம் ரஞ்சனி வீடியோ காலில் கூப்பிட்டாள். டியூட்டிக்கு நடுவில் கிடைத்த பத்து நிமிஷம். எடுத்ததுமே, “பேரு வந்துச்சா?” என்றாள்.

“வந்துச்சி.”

“போட்டோ எடுத்தியா?”

“தியேட்டர்ல எடுக்கக் கூடாது ரஞ்சனி.”

“எத்தினி பேரு பாத்தாங்க?”

“நல்ல கூட்டம்.” அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல முடியவில்லை. போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தான். “ஒரு பொம்பள சொன்னா, பாவம் அதுக்குக் கால் வலிக்குதுன்னு.”

“யாரு?”

“தெரியல.”

“நாந்தான் அதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். பயந்துட்டா.”

ரஞ்சனி சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். “சாப்டியா?” என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அங்கே யாரோ அவளை அழைத்தார்கள். “அப்புறம் பேசறேன்,” என்று போனை வைத்துவிட்டாள்.

செந்தமிழன் சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டுரோடு ஓட்டலுக்கு நடந்தான். “எத்தினி பேருக்கு சார்?” என்று கேட்டார்கள். ஒருத்தருக்கு என்றான்.