முதுகோடு முதுகு

வேம்பு செத்துப்போய்விட்டான் என்று காலடிப்பேட்டையில் எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று, அவன் பெண்டாட்டி ரேகாவைத் தவிர. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டியவன். எண்ணூர் சாலையில் வண்டி கவிழ்ந்து தலையில் அடி. ரேகா தீக்காய வார்டில் துப்புரவு வேலை பார்ப்பவள். தோலுக்காக அங்கே ஜனங்கள் படுகிற பாட்டைக் கண்ணால் கண்டவள். அதனால், ஆஸ்பத்திரியில் கேட்டதும் மறுக்காமல் அவன் தோலைக் கொடுத்துவிட்டாள். முதுகிலும் தொடையிலும் மெல்லிசாகச் சீவி எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் வினை பிடித்தது.

"அவரு தோலு எவன் ஒடம்புலயோ ஒட்டிகினு கீது. பாதி ஆளு இங்கியே கீறப்போ இன்னா படையலு?" என்று கொழுந்தன் துரையிடம் சண்டைக்கு நின்றாள். கருமாதி தள்ளிப்போனது. படத்துக்கு மாலை இல்லை.

"அண்ணன் எங்கியும் போவ முடியாம அல்லாடினு கீறாரு அண்ணி," என்று துரை அழுதே விட்டான். அவள் காதில் ஏறவில்லை.

யார் தோல் யாருக்கு என்று வார்டில் சொல்லமாட்டார்கள். ஆனால் ஸ்டானிஸ்லாஸ் வந்து சேர்ந்தார். முகத்துவாரக்குப்பத்துக் கிழவர், படகு எஞ்சின் தீப்பிடித்து முதுகெல்லாம் வெந்தவர். இறந்தவர் தோலைப் புண்ணின் மேல் போர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். ஒரு காலை ரேகா தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் முனகினார்.

"யம்மா, என் பின்னால யாருன்னா படுத்துகினு கீறாங்களா பாரு."

"யாரும் இல்ல நைனா."

"முதுகோட முதுகு ஒட்டிகினு ஒர்த்தன் கீறான். சூடு தெரியுது."

ரேகா துடைப்பதை விட்டுவிட்டுக் கட்டில் பக்கம் வந்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து வேம்பு அப்படித்தான் தூங்குவான், அவள் முதுகோடு முதுகு வைத்து. சண்டை போட்ட அன்றைக்கும் அப்படித்தான். ஐயோ, அந்தச் சூடு அவளுக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. லீவு நாளிலும் வந்து நின்றாள். ஒருநாள் கட்டு விலகி, அந்தத் தோலின் ஓரம் காய்ந்து சுருண்டிருப்பதைப் பார்த்தாள். உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை, பாவி மகள். போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் கிழவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. நர்ஸ் ஜெமிமா கட்டைப் பிரித்தாள்.

"ஓரமெல்லாம் தூக்கிகினு கீது, சீழ் வெச்சிருக்கு. யாரும் பாக்கலியா? எடுத்துடணும்."

"எடுக்காத ஜெமி! அழுத்திக் கட்டு, ஒட்டிக்கும்," என்று பாய்ந்து வந்தாள் ரேகா.

அது புருஷன் தோல் என்று ரேகா நினைத்துக்கொண்டிருப்பது அந்தக் குரலிலேயே ஜெமிமாவுக்குப் புரிந்துவிட்டது. ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டினாள். அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மினுங்கியது.

"இது இவரோட சொந்தத் தோலு, அக்கா. ஓரத்துல கீற செல்லுங்க பக்கத்து செல்ல புடிச்ச புடிய வுட்டுட்டு, காலு மாரி நீட்டி நீட்டி நவுந்து வரும். எதிர்ல இன்னொண்ணு தட்டுப்பட்டா நின்னுடும். ரெண்டும் கொக்கி போட்டு புடிச்சிக்கும். அதுங்க வந்து சேர்ற வரிக்கும் மேல மூடிகினு கீறதுதான் செத்தவங்க தோலுக்கு வேல. முடிஞ்சா அதுவே கழண்டுக்கும். புடிச்சி வெச்சா இந்தாளு உசிருக்குத்தான் ஆபத்து."

கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினார். தான் மூடிவைத்ததால் வந்த காய்ச்சல் இது என்று ரேகாவுக்கு உறைத்தது. "எடுத்துடு. தட்ட நான் புடிக்கிறேன்," என்றாள்.

சுலபமாக உரிந்து வந்தது. தட்டில் கனமே இல்லை.

"போய்ட்டான்மா," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "முதுகு ஜில்லுனு ஆய்ட்ச்சு."

ஞாயிற்றுக்கிழமை படையல். துரை நெத்திலி வாங்கி வந்தான். ரேகாவே குழம்பு வைத்தாள், இலை போட்டாள், படத்துக்கு மாலை போட்டாள். கற்பூரம் ஏற்றிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது பின்னால் சூடு. முதுகோடு முதுகு, அதே சூடு. துரை எதிரில் கைகூப்பி நின்றிருந்தான். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

ரேகா திரும்பிப் பார்க்கவில்லை.

"சாப்ட்டுட்டுப் போய்யா," என்றாள்.

கற்பூரம் எரிந்து அடங்கியது. அவள் முதுகு ஜில்லிட்டது.